பஞ்சுப் பனியும் பனங்கிழங்கும்: நாகர்கோவில் பக்கம் ஒரு வால்டார்ஃப் மழலையர் பள்ளி

என் மகளுக்கு நாலரை வயது. நவம்பர் தொடக்கத்தில் சேர்த்தேன், இப்போது பொங்கல் முடிந்துவிட்டது, ஆக மழையும் மார்கழியும் சேர்ந்த ஒரு பருவம் முழுவதையும் அங்கே பார்த்தாயிற்று. "எழுத்தே சொல்லித் தர மாட்டாங்களாமே, சேர்க்கலாமா" என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் வாய்ஸ் மெசேஜ் போட்டு அலுத்துவிட்டது, அதனால் மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன். பள்ளியின் பெயரைப் போடப் போவதில்லை. குறைகளையும் எழுதப்போகிறேன், நாளைக் காலை ஒன்பதேகாலுக்கு அதே வாசலில் போய் நிற்கவும் வேண்டும்.

தக்கலை போகிற பக்கம், ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு பழைய ஓட்டு வீடு. முன்னால் முற்றம், பின்னால் பலா, தென்னை, ஏழெட்டு கமுகு, ஒரு மணல் பாத்தி. 18 பிள்ளைகள், இரண்டு டீச்சர்கள் (பிள்ளைகளுக்கு அவர்கள் 'அக்கா'), சமையலுக்கும் மற்ற எல்லாவற்றுக்கும் ஒரு அறுபது வயது அம்மா. அவரை எல்லோரும் பெரியம்மா என்கிறார்கள். இந்தப் பெரியம்மாதான் அந்தப் பள்ளியின் பாதி பலம் என்பது என் அபிப்பிராயம், பள்ளி நடத்துகிறவர்களுக்கு அது தெரியுமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

வால்டார்ஃப் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. 1919இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரத்தில் வால்டார்ஃப் அஸ்டோரியா என்ற சிகரெட் தொழிற்சாலை இருந்தது. அதன் முதலாளி எமில் மோல்ட் தன் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி வேண்டும் என்று ருடால்ஃப் ஸ்டைனர் என்ற ஆஸ்திரியத் தத்துவவாதியிடம் கேட்டு ஆரம்பித்தது. சிகரெட் கம்பெனிப் பெயர்தான் இன்று பிளாஸ்டிக் பொம்மையே உள்ளே வரக்கூடாது என்கிற பள்ளிகளுக்கு நிலைத்திருக்கிறது, வேடிக்கைதான். பால்பல் விழுகிற ஏழு வயது வரை எழுத்து, கணக்கு எதுவும் கிடையாது. பெரியவர்கள் செய்வதைப் பார்த்துச் செய்வது, விளையாட்டு, ஒரே ஒழுங்கில் போகிற நாள், அவ்வளவுதான். நம் ஊரில் பலர் இதை மாண்டிசோரியோடு குழப்பிக்கொள்கிறார்கள். அந்த முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரி அம்மையார் 1939இல் சென்னை அடையாறுக்கே வந்து சொல்லிக்கொடுத்ததால் நமக்கு அந்தப் பெயர் பழக்கம். ஆனால் அங்கே ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு வேலை, ஒரு முறை இருக்கும். இங்கே ஒரு துணித்துண்டு காலையில் கடல், பதினொரு மணிக்குக் கல்யாணப் புடவை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்த முறையில் பருவம் ரொம்ப முக்கியம். பாட்டு, கதை, கைவேலை, சாப்பாடு எல்லாமே வெளியே நடக்கிற பருவத்தை ஒட்டியே வர வேண்டும். சிக்கல் என்னவென்றால் இதெல்லாம் ஜெர்மனியில் உருவானது, அங்கே டிசம்பரில் சாயங்காலம் நாலரைக்கே இருட்டிவிடும், வெளியே பனி கொட்டும், அதனால் 'குளிர்காலம்' என்றால் உள்ளே ஒடுங்கி விளக்கேற்றி உட்காருவது. நம் மாவட்டத்தில் மார்கழி விடியற்காலையில் 22, 23 டிகிரி இருந்தால் அதற்கே மஃப்ளர் கட்டிக்கொண்டு சாயாக்கடையில் நிற்கிறோம். நமக்கு இது மழைக்காலம், விளக்குக்காலம், திருவிழாக்காலம். இந்த வித்தியாசம் பள்ளிக்குப் புரிந்த நாட்களெல்லாம் பிரமாதம். புரியாத நாட்களில் எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் மாறி மாறி வந்தது.

முதல் இரண்டு வாரம் புரியாத வாரங்கள். வட்டமாக நின்று பிள்ளைகள் விரலை ஆட்டி ஆட்டி 'ஸ்னோ விழுகிறது' என்று இங்கிலீஷில் பாடினார்கள். ஜன்னலுக்கு வெளியே முற்றத்தில் முழங்கால் அளவு தண்ணீர். கதை, ஒரு கிழவி வானத்தில் தலையணையை உதற உதற பூமியில் பனி பெய்கிற ஜெர்மன் கதை. ஒரே கதையைத் தினமும் அதே வார்த்தைகளில் இரண்டு மூன்று வாரம் சொல்வது இவர்கள் வழக்கம், பிள்ளைகளுக்கு அது அலுக்கவே இல்லை என்பது உண்மைதான், என் மகள் முழுசாக மனப்பாடமாக ஒப்பிக்கிறாள். மூன்றாவது நாள் வீட்டில் மாமியாரின் இலவம்பஞ்சுத் தலையணையைக் கட்டிலில் ஏறி நின்று உதறினாள். தையல் விட்டுவிட்டது. வீடு முழுக்கப் பஞ்சு, மின்விசிறி வேறு ஓடிக்கொண்டிருந்தது. "பனி பெய்யுது ஆச்சி!" என்று குதிக்கிறாள். மாமியார் ஒரு வாரம் பள்ளிக்கூடத்தைத் திட்டினார். நானும் கூடச் சேர்ந்து திட்டினேன், அலமாரி அடியிலிருந்து இன்னும் பஞ்சு வந்துகொண்டிருக்கிறது.

கம்பளி வேலையும் இதே ரகம். சாயம் ஏற்றிய செம்மறி ரோமத்தை வெந்நீரும் சோப்பும் விட்டு உள்ளங்கையில் உருட்ட உருட்ட, மயிரிழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கெட்டியான பந்தாகிவிடும். செய்வதற்கு அருமையான வேலை, வெந்நீரில் கைவைத்து அரைமணி நேரம் உட்கார்ந்திருக்கிற பிள்ளையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஆனால் கார்த்திகை மழையில் அந்தப் பந்து எப்படிக் காயும்? நாலு நாள் கொடியில் தொங்கி, கடைசியில் நனைந்த ஆட்டின் நாற்றத்தோடு வீட்டுக்கு வந்தது. பூனைகூட முகர்ந்துவிட்டு விலகிப் போனது. நம் கையில் தென்னை நார் இருக்கிறது, ஈத்தாமொழித் தேங்காய்க்குப் புவிசார் குறியீடே இருக்கிறது, கதம்பையை ஊறவைத்துத் தட்டி நார் எடுத்துக் கயிறு திரிப்பதைவிடப் பிள்ளைகளின் விரலுக்கு வேறென்ன பயிற்சி வேண்டும்? டீச்சரிடம் சொன்னேன். "நல்ல ஐடியாக்கா" என்றார். இன்னும் நடக்கவில்லை.

ஓவியத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஈரத்தாளில் ஈரவண்ணம். தாளைத் தண்ணீரில் முக்கி எடுத்துப் பலகையில் விரித்து, சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றில் ஒன்றோ இரண்டோ மட்டும் கொடுப்பார்கள். வீடு, மரம், சூரியன் என்று வரையச் சொல்வதில்லை, வண்ணம் ஓடுவதையும் கலப்பதையும் பார்ப்பதுதான் வேலை. மழைக்காலம் என்பதால் பல வாரம் வெறும் நீலம். முதல் தாள் வந்த அன்று மஸ்கட்டிலிருந்து வீடியோ காலில் இருந்த என் வீட்டுக்காரர் "இது என்னம்மா, கடலா, வானமா?" என்றார். "நீலம்ப்பா" என்றாள் அவள், இதுகூடத் தெரியாதா என்கிற தொனியில். எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. பக்கத்து வீட்டு எல்கேஜி பையன் கோடு தாண்டாமல் ஆப்பிளுக்குச் சிவப்படிக்கிறான், ஆப்பிள் பச்சையாகவும் இருக்கும் என்று அவனிடம் சொன்னால் மிஸ் திட்டுவார் என்கிறான்.

முகமில்லாத பொம்மை இன்னொரு கதை. துணியில் பஞ்சடைத்த பொம்மைகளுக்குக் கண் வாய் எதுவும் இருக்காது, இருந்தாலும் இரண்டு புள்ளி. சிரிக்கிறதா அழுகிறதா என்பதைப் பிள்ளையே நினைத்துக்கொள்ளட்டும் என்பது எண்ணம். மகள் ஒன்றைச் செய்து கொண்டுவந்ததும் மாமியார், "ஏட்டி மக்ளே, மூஞ்சி இல்லாத பொம்மைய யாருட்டி தந்தா, பேய் மாதிரில்லா இருக்கு" என்று கண்மையை எடுத்துக் கண், மூக்கு, பொட்டு எல்லாம் வைத்துவிட்டார். ராத்திரி பத்து மணிக்கு மகள் அழுகை: பொம்மையால் கண்ணை மூடித் தூங்க முடியவில்லையாம். சோப்புப் போட்டுக் கழுவினோம். இப்போது அதற்கு நிரந்தரமாகக் கருவளையம்.

தேன்மெழுகு வேலைக்கு முழு மதிப்பெண். கடையில் விற்கும் களிமண் மாதிரி முதலிலேயே மெத்தென்று இருக்காது, கல் மாதிரி ஒரு சிறு துண்டு தருவார்கள். உள்ளங்கையில் பொத்தி வைத்துக்கொண்டு கதை கேட்க வேண்டும், கதை முடியும்போது இளகியிருக்கும். மெழுகு உருக 60 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும், ஆனால் உருவம் பிடிக்கக் கைச்சூடே போதும். இதை ஜெர்மனியிலிருந்து பெட்டி பெட்டியாக வரவழைத்து விற்கிறார்கள், விலை கேட்டால் தலை சுற்றும். நம் பள்ளி செய்த புத்திசாலித்தனம் மார்த்தாண்டத்துத் தேன்காரர் ஒருவரிடமே மெழுகு வாங்கியது. அவர் ஒரு நாள் காலியான தேன்பெட்டியோடு வந்து காட்டினாராம். ரப்பர் மரம் இலையுதிர்த்துப் புதுத் தளிர் விடும்போது பூவில் இல்லாமல் இலைக்காம்பில் தேன் சுரக்கும், அதற்காகத்தான் தோட்டத்தில் பெட்டி வைக்கிறோம் என்று பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறார். ரப்பர் தோட்டத்துக்குப் பக்கத்திலேயே வளர்ந்த எனக்கு முப்பத்திரண்டு வயதில் என் மகள் சொல்லித்தான் இது தெரியும்.

அப்புறம் டிசம்பர் வந்தது, பெரியம்மா களத்தில் இறங்கினார். இந்த முறை கார்த்திகை தீபமும் கோட்டார் சவேரியார் திருவிழாவும் ஒரே நாளில், டிசம்பர் 3, மாவட்டத்துக்கே லீவு. அதனால் முந்தின நாள் செவ்வாய்க்கிழமையே பள்ளியில் ஓலைக்கொழுக்கட்டை. இவர்கள் முறையில் வாரத்துக்கு ஒரு நாள் ரொட்டி சுடுவது உண்டு, பிள்ளைகளே மாவு பிசைவார்கள். நாகர்கோவிலில் நாலரை வயதுப் பிள்ளை கோதுமை ரொட்டி சுட்டு என்ன ஆகப்போகிறது என்று பெரியம்மா கேட்டாராம், கேட்டதோடு நிற்காமல் குருத்தோலைக்கும் ஏற்பாடு செய்துவிட்டார். அன்று பெற்றோர்கள் உதவிக்கு வரலாம் என்றார்கள், நான் போனேன். நாலு பிள்ளைகள் கருப்பட்டியைக் கல்லால் தட்டினார்கள் (தட்டியதில் பாதி வாய்க்குள்). இரண்டு பேர் வறுத்த சிறுபயறை ஊதினார்கள், ஏன் ஊத வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை, பெரியம்மா ஊதினார், அவர்களும் ஊதினார்கள். மாவு, தேங்காய்ப்பூ, சுக்கு, ஏலம் எல்லாம் சேர்த்துப் பிசைந்து, ஓலையை விரித்து உள்ளே நீளமாக வைத்து, மூடி, ஓலைக்கீற்றாலேயே கட்டு. அந்தக் கட்டுதான் வித்தை. என் மகள் பதினோரு தடவை கட்டினாள், பதினோரு தடவையும் அவிழ்ந்தது, பன்னிரண்டாவது நின்றது. நான் எண்ணிக்கொண்டே இருந்தேன், கை பரபரத்தது, ஆனால் அக்கா முன்பே சொல்லியிருந்தார் உதவக்கூடாது என்று. ஆவி கிளம்பியதும் ஓலை வாசனை வீடு முழுக்க. ஏபிசிடி தெரியாத இந்தக் கூட்டம் ஒன்றரை மணி நேரம் ஒரே வேலையில் இருந்தது என்று சொன்னால் என் நாத்தனார் நம்ப மாட்டேன் என்கிறாள்.

அதைவிட எனக்குப் பிடித்தது கமுகம்பாளை (பாக்கு மரத்து மட்டை). அங்கே பனியில் சறுக்குவண்டி இழுப்பார்கள் அல்லவா, அதற்கு ஒரு மரவண்டி செய்யலாமா என்று பெற்றோர் கூட்டத்தில் பேசினார்கள். மறுநாள் காற்றில் விழுந்த ஒரு கமுகம்பாளையைப் பெரியம்மா இழுத்துவந்து, அகலமான பக்கத்தில் ஒரு பிள்ளையை உட்காரவைத்து, மட்டையைப் பிடித்து முற்றத்து ஈரப்புல்லில் ஒரு இழுப்பு. நம்மில் யார் இதில் போகாமல் வளர்ந்தோம்? எங்கள் தலைமுறையோடு முடிந்துபோனது என்றுதான் நினைத்திருந்தேன். இப்போது அங்கே பாளை விழுகிற சத்தம் கேட்டாலே பிள்ளைகள் ஓடுகிறார்கள். உட்காருகிறவர், இழுக்கிறவர், பின்னால் தள்ளுகிறவர், வழியில் நின்று டிக்கெட் கேட்கிறவர் என்று வேலை பிரித்துக்கொள்கிறார்கள், ஒரு டீச்சரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பாவாடையில் சேறு கழுவ எனக்கு இரண்டு சோப்பு கூடுதல் செலவு, பரவாயில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களில் அட்வென்ட் சுருள் என்று ஒன்று நடத்துகிறார்கள். இருட்டாக்கிய அறையில் பசுந்தழையால் தரையில் பெரிய சுருள் போட்டு, நடுவில் ஒரு மெழுகுவர்த்தி. ஒவ்வொரு பிள்ளையாக உள்ளே நடந்துபோய்த் தன் விளக்கை அதில் ஏற்றிக்கொண்டு, திரும்பி வரும்போது வழியில் ஓரிடத்தில் வைத்துவிட்டு வர வேண்டும். மேல்நாட்டில் ஊசியிலைத் தழை, ஆப்பிளில் குத்திய மெழுகுவர்த்தி. இங்கே கடற்கரைச் சவுக்குத் தழை, ஆப்பிளுக்குப் பதில் சிரட்டையில் அகல். நம்மூரில் கிறிஸ்துமஸ் மரத்துக்கே சவுக்குதானே வெட்டுகிறோம், வாசனை கச்சிதம். என் மகள் விளக்கோடு நடந்த அந்த இரண்டு நிமிடம் பற்றி எழுதினால் நீளும், விடுகிறேன். ஒன்று மட்டும்: தீயும் பட்டுப்பாவாடையும் சேர்ந்த இடம், அக்கா ஒருவர் பக்கத்திலேயே நடந்தார், ஈரச்சாக்கும் வாளித் தண்ணீரும் தயாராக இருந்தன, அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. போன் எடுக்கக்கூடாது என்று சொல்லியும் ஒரு அப்பா ஃபிளாஷ் போட்டுப் படம் எடுத்தார். அவரைப் பற்றி வேண்டாம்.

தினமும் முக்கால் மணி நேரம் சும்மா விளையாட விடுகிறார்கள், பள்ளியைப் பார்க்கப் போகிறவர்கள் அந்த நேரத்தில் போங்கள். மரச்சட்டம், துணி, சிரட்டை, சோழி, புளியங்கொட்டை, மஞ்சாடி இவைதான் சாமான். நம் மாவட்டத்து டிசம்பர் எப்படியோ அப்படியே உள்ளேயும் நடக்கும். ஒரு பக்கம் துணியில் சோழியை முடிந்து தலையில் வைத்து சபரிமலைக்குக் கிளம்புகிற கோஷ்டி, இன்னொரு பக்கம் சிரட்டையைத் தட்டிக்கொண்டு வீடு வீடாகப் போகிற கேரல் கோஷ்டி. நான் போன அன்று இரண்டும் கலந்துவிட்டது. இருமுடி கட்டிய கிறிஸ்துமஸ் தாத்தா ஒருவர் எனக்கு மிட்டாயும் (புளியங்கொட்டை) விபூதியும் (எதுவுமில்லை) கொடுத்தார்.

பருவமேசை என்று ஒரு மூலையில் பிள்ளைகள் வழியில் பொறுக்கியதை வைக்கிறார்கள்: சவுக்குக்காய், சங்கு, கன்னியாகுமரியில் பாக்கெட்டில் விற்கும் கலர்மணல். ஒருநாள் ஒரு பையன் மணவாளக்குறிச்சியிலிருந்து கருமணல் கொண்டுவந்து வைத்தான். காந்தத்தை இழுத்தால் மணல் ஒட்டிக்கொண்டு வருவதைப் பார்த்துப் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். அம்மாக்கள் வாட்ஸ்அப் குழுவில் அன்று ராத்திரி பன்னிரண்டு மணி வரை கருமணலில் இருக்கிற மோனசைட் தாது, தோரியம், கதிர்வீச்சு என்று விவாதம். காலையில் போனபோது கருமணல் இருந்த கிண்ணத்தில் பிச்சிப்பூ இருந்தது. யார் மாற்றினார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

பொங்கலுக்கு முந்தின வாரம் பனங்கிழங்கு. புரட்டாசியில் பழைய மாணவர்கள் பனங்கொட்டை புதைத்த மணல் பாத்தியை இவர்கள் தோண்டினார்கள். இழுத்து இழுத்து மல்லாக்க விழுந்து, கிழங்கு பாதியில் முறிந்து, அதற்கொரு அழுகை. கொட்டையைப் பெரியம்மா வெட்டிக்கொடுக்க உள்ளே இருந்த தவுனைத் தின்றார்கள். கிழங்கை அவித்துத் தோலுரித்து நடுநரம்பை எடுத்துவிட்டு, தும்பு பல்லில் மாட்ட மாட்ட மென்றது அன்றைய சாப்பாடு. பஞ்சில் பனி செய்து காட்டியதற்குப் பதில் நவம்பரிலேயே இந்த வழிக்கு வந்திருக்கலாம்.

இனி குறைகள். 18 பிள்ளைகளுக்கு ஒரே கழிப்பறை, அதுவும் முற்றத்தைத் தாண்டி, மழையில் குடை பிடித்துத்தான் போக வேண்டும், நனைந்துகொண்டே போன பிள்ளைகளும் உண்டு. கொசு அதிகம், நொச்சிப்புகை மட்டும் போதாது, வலையடியுங்கள் என்று மூன்று முறை சொல்லியாயிற்று. மழை லீவு விஷயத்தில் கலெக்டர் அறிவிப்பு டிவியில் வந்து வெகுநேரம் கழித்து எட்டு ஐம்பதுக்கு மெசேஜ் போடுவார்கள். இங்கே 2017 ஒக்கி புயலைப் பார்த்தவர்கள் நாங்கள், காற்று கொஞ்சம் மாறினாலே வயிறு கலங்கும், முன்கூட்டியே மூடிவிட்டால் யாரும் குறை சொல்ல மாட்டோம். அப்புறம் கார்ட்டூன் படம் போட்ட ரெயின்கோட் கூடாது என்று என் மகளின் கோட்டைத் திருப்பி அனுப்பினார்கள், மழை கொட்டுகிற நாளில். கொள்கை சரி, அதைக் காட்டுகிற நாளா அது? 650 ரூபாய்க்கு வெற்று நீலக் கோட் வாங்கினேன்.

ஸ்டைனருடைய மறுபிறவி, ஆவியுலகம் போன்ற நம்பிக்கைகளைப் படித்துவிட்டு எனக்கும் யோசனை இருந்தது, வெளிநாட்டில் சில வால்டார்ஃப் பள்ளிகளில் தடுப்பூசி போடாத பிள்ளைகள் அதிகம் என்ற செய்தியும் பார்த்திருந்தேன். இங்கே சேர்க்கும்போதே தடுப்பூசி அட்டையின் நகல் கேட்டு வாங்கினார்கள், வகுப்பில் தத்துவப் பேச்சு எதுவும் கிடையாது. அந்த விஷயத்தில் நிம்மதி.

பெரிய தலைவலி அடுத்த வருடம். இவர்கள் கணக்கில் ஏழு வயது வரை அவசரமில்லை, தமிழ்நாட்டில் ஐந்து வயது முடிந்தாலே ஒன்றாம் வகுப்பு. இந்த மாவட்டத்தில் இந்த முறையில் தொடர்ந்து படிக்க வைக்க எனக்கு வழி தெரியவில்லை, ஹைதராபாத்திலும் மும்பையிலும் பெரிய பள்ளிகள் இருந்து எனக்கென்ன? வேறு பள்ளியில் சேர்க்கும்போது பெயர் எழுதத் தெரியுமா என்று கேட்பார்கள். வீட்டில் நானே சாயங்காலம் அரிசியில் 'அ' எழுத வைத்துக்கொண்டிருக்கிறேன், அக்காக்களிடம் சொல்லவில்லை, இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்.

மாதம் 4,800, பொருட்களுக்கு வருடம் 6,000 தனி. நாகர்கோவில் கணக்குக்கு இது அதிகம்தான். ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன், கழிப்பறை கட்டினால் நாலு. ஜூன் வரை பணம் கட்டியிருக்கிறேன், அதற்குப் பிறகு வீட்டுக்காரர் லீவில் வந்ததும் பேசி முடிவெடுக்க வேண்டும். பார்க்க விரும்புகிறவர்கள் போன் செய்துவிட்டு ஒரு செவ்வாய்க்கிழமை ஒன்பதரைக்குப் போங்கள், அன்றுதான் பெரியம்மாவின் சமையல் நாள். வெள்ளைப் பேண்ட் வேண்டாம்.